மரம் கருகியது யார் குற்றம்?



இப்பக்கத்தில் நான் வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, மாணவர் வாசிப்பு ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இன்று ஒரு மரவேலைக் கருவியைப் பற்றி எழுதப் போகிறேன். 'தமிழாசிரியருக்கு இங்கு என்ன வேலை?' என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பறையில் நான் சொன்ன ஓர் அரைகுறை உண்மை, அண்மையில் ஒரு வீட்டில் புகையாக எழுந்தது. அதைத் திருத்திக் கொள்ளும் கடமை எனக்கு உண்டு.

நடந்தது என்ன?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த ஓரிடத்தில் என் பழைய மாணவர் ஒருவர் வாழ்கிறார். அவருடைய தாயார் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயங்கள் மறைந்தன. மகன் தொழிற்சாலையில் சில காலம் வேலை செய்துவிட்டு, இப்போது வீட்டின் பின்புறத்தில் மரவேலை செய்கிறார். பெயர்ப்பலகை, பூசை மாடம், பாலர் பள்ளிக்கான எழுத்துப் பலகை ஆகியவை அவர் கைவண்ணம்.

அவரிடம் இருப்பது ஒரு சிறிய டிரிம்மர். ஒரு கையால் பிடித்து, பலகையின் விளிம்பைச் சீவவும் பள்ளம் வெட்டவும் பயன்படும் கருவி அது. விலை குறைந்த வகை என்பதால் அதில் ஒரே வேகம்தான். ஆளியைத் தட்டினால் நிமிடத்துக்கு 30,000 சுற்று, நிறுத்தினால் சுழியம். இடைப்பட்ட நிலை எதுவும் இல்லை.

பாலர் பள்ளி ஒன்று 12 உயிரெழுத்துகளையும் மரத்தில் பள்ளமாகக் குடைந்து தருமாறு அவரிடம் கேட்டிருந்தது. பிள்ளைகள் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்து எழுத்தின் வழியைத் தடவிப் பழக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் குடைந்த எழுத்துகள் எல்லாம் ஓரம் கருகின. 'இ' எழுத்தின் உட்சுழி கரிக்கட்டையாயிற்று.

அவர் என்ன செய்தார்? சுவரில் பொருத்தும் பழைய மின்விசிறிக் கட்டுப்பாட்டுக் குமிழ் ஒன்றை எடுத்து, டிரிம்மருக்குச் செல்லும் கம்பியின் நடுவே இணைத்தார். இரண்டு எழுத்துகள் ஓடின. மூன்றாவது எழுத்தில் குமிழிலிருந்து புகை வந்தது. நெகிழிக் கூடு இளகி வளைந்தது. நல்ல வேளையாக உடனே முதன்மை ஆளியை அணைத்துவிட்டார். கையும் கண்ணும் வீடும் தப்பின. பக்கத்து அறையில் அவருடைய தாயார் உறங்கிக் கொண்டிருந்தார்.

இதைக் கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்தேன். "ஏன் தம்பி இப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன்.

"ஐயா, நீங்கள்தானே ஆறாம் ஆண்டில் சொன்னீர்கள்? விசிறியின் குமிழைத் திருப்பினால் வேகம் குறைகிறது, மின்னோடி உள்ள எல்லாவற்றுக்கும் அதுவே வழி என்று" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு வலித்தது.

மரம் ஏன் கருகுகிறது?

முதலில் மரத்தைப் பார்ப்போம். நம் பேராக்கில் ரப்பர் மரத்தின் கதை கோலகங்சாரில் 1877இல் தொடங்குகிறது. அந்தத் தொடக்க காலத்து மரங்களில் ஒன்று அந்நகரில் இன்றும் காட்டப்படுகிறது. நூறாண்டுக் காலம் நாம் அந்த மரத்திடம் பாலை மட்டுமே கேட்டோம். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் மரத்தை வெட்டி விறகாக எரித்தோம். பூசணமும் துளைப்பூச்சியும் எளிதில் தாக்கும் மரம் என்பதால் யாரும் அதை மதிக்கவில்லை. போரான் உப்பு ஊட்டி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே, 1980ஆம் ஆண்டுகளில் அது நாற்காலியாகவும் மேசையாகவும் உலகச் சந்தைக்குச் சென்றது. வெளிர்மஞ்சள் நிறம் அதன் அழகு. அந்த வெளிர்நிறமே கருகலையும் மறைக்காமல் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது கருவியைப் பார்ப்போம். ஒரு சிறு கணக்குப் போடலாம். இரண்டு வெட்டு முனைகள் கொண்ட பிட் நிமிடத்துக்கு 30,000 முறை சுழன்றால், மரத்தில் 60,000 முறை வெட்டு விழும். நேர்கோட்டில் நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் நகர்த்தினால், ஒவ்வொரு வெட்டும் 0.05 மில்லிமீட்டர் மரத்தைச் சீவி எடுக்கும். அது போதும், சீவல் பறக்கும், சூடும் சீவலோடு வெளியேறும்.

வளைவில் என்ன நடக்கும்? கை மெதுவாகிறது. நிமிடத்துக்கு 0.6 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அப்போது ஒரு வெட்டுக்குக் கிடைப்பது 0.01 மில்லிமீட்டர் மட்டுமே. அந்த அளவில் முனை மரத்தை வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தேய்த்தால் சூடு, சூட்டால் கருகல். சுழற்சியைப் பாதியாக, 15,000 ஆகக் குறைத்தால், அதே வளைவில் ஒரு வெட்டு 0.02 மில்லிமீட்டர் ஆகிறது. வேகக் கட்டுப்பாட்டின் பயன் இதுதான்.

இங்கே தமிழாசிரியராக ஒன்றைக் கவனித்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பல நேர்கோடுகளால் ஆனவை. நம் எழுத்துகளிலோ சுழியும் வளைவும் மிகுதி. 'ட', 'ப' போன்றவை எளிதில் ஓடிவிடும். 'இ', 'ஐ', 'ஞ', 'ழ' ஆகியவற்றில் கை நின்று நின்றே திரும்ப வேண்டும். ஆகவே தமிழ் எழுத்தைக் குடைபவருக்கு, பிறரைவிட வேகக் கட்டுப்பாடு அதிகம் தேவைப்படுகிறது. இதைக் கருவி செய்பவர்கள் சொல்ல மாட்டார்கள்; நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.

அக்ரிலிக் பலகையில் எழுத்து வெட்டுவோருக்கும் இதே தொல்லைதான். அது ஏறத்தாழ 100 பாகைச் சூட்டைத் தாண்டியதும் இளகி, பிட்டைச் சுற்றி ஒட்டிக் கொள்ளும்.

விசிறி வேறு, டிரிம்மர் வேறு

வகுப்பில் நான் சொன்ன தவறு இதுதான். மின்னோடி எல்லாம் ஒன்று என்று சொன்னேன். அவை ஒன்றல்ல.

கூரை விசிறியில் பொதுவாக இருப்பது தூண்டல் மின்னோடி. அதில் கரித்தூரிகை கிடையாது. அது ஏறத்தாழ 75 வாட்டு மட்டுமே உண்ணும். அதன் குமிழும் அந்த அளவுக்கென்றே செய்யப்பட்டது.

டிரிம்மரில் இருப்பது கரித்தூரிகையும் திசைமாற்றியும் கொண்ட பொது மின்னோடி. அது மாறுமின்னோட்டம், நேர்மின்னோட்டம் இரண்டிலும் ஓடக்கூடியது. நம் வீட்டுப் பிளெண்டரிலும், மின்சாரத் தையல் இயந்திரத்திலும், கைத்துளைக் கருவியிலும் பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கிறது. 530 வாட்டு டிரிம்மர் ஒன்றை 75 வாட்டு விசிறியின் குமிழில் மாட்டினால், அது சுமக்க வேண்டிய சுமை ஏறத்தாழ 7 மடங்கு. புகை வந்ததில் வியப்பில்லை. இரண்டு எழுத்து ஓடியதுதான் வியப்பு.

பொது மின்னோடியின் வேகத்தைக் குறைக்கவே முடியாதா? தாராளமாக முடியும். தையல் இயந்திரத்தின் கால்மிதி செய்யும் வேலை அதுதானே! மெல்ல மிதித்தால் மெல்லத் தைக்கிறது.

இன்று இதற்குப் பயன்படுவது டிரையாக் என்னும் குறைகடத்தி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 100 அரையலைகள். ஒவ்வொன்றும் 10 மில்லிநொடி. டிரையாக் ஒவ்வோர் அரையலையின் தொடக்கத்திலும் கதவை மூடி வைத்து, சற்றுத் தாமதமாகத் திறக்கிறது. 5 மில்லிநொடி தாமதித்தால் அரையலையின் பின்பாதி மட்டுமே மின்னோடிக்குப் போய்ச் சேரும். எவ்வளவு தாமதிப்பது என்பதைக் குமிழும் அதனோடு இணைந்த மின்தேக்கியும் முடிவு செய்கின்றன. அறை விளக்கின் ஒளியை மங்கச் செய்யும் கருவியும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. ஆனால் மின்னோடிக்கு ஏற்றதாகச் செய்யப்பட்டதையே பயன்படுத்த வேண்டும்.

இரு தரப்பினர்

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசியபோது இரண்டு வகைக் கருத்துகள் வந்தன.

முதல் தரப்பு: "ஒரே வேகக் கருவியில் கை வைக்கவே கூடாது. வேகம் மாற்றும் புதிய டிரிம்மரை வாங்கச் சொல்லுங்கள்." இதில் நியாயம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, மக்கிட்டா நிறுவனத்தின் 3709 ஒரே வேகம் உடையது. 530 வாட்டு, 30,000 சுற்று. அதே நிறுவனத்தின் ஆர்டி 0700 சி, 710 வாட்டு. 10,000 முதல் 30,000 சுற்று வரை மாற்றலாம். இத்தகைய கருவியின் உள்ளே மின்னணுப் பகுதி சுழற்சியை ஓயாமல் அளந்து, மரம் கடினமானால் ஆற்றலைக் கூட்டி, வைத்த வேகத்திலேயே ஓட வைக்கிறது. வெளியே மாட்டும் எளிய குமிழுக்கு அந்த அறிவு இல்லை. பிட் மரத்தில் இறங்கினால் வேகம் தளரும். மரத்தை விட்டு எழுந்தால் வேகம் ஏறும்.

ஆனால் அந்தத் தரப்பிடம் நான் கேட்பது ஒன்றுண்டு. மாதக் கடைசியில் அரிசிக்கும் பள்ளிப் பேருந்துக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டில், நன்றாக ஓடும் ஒரு கருவியை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை வாங்கு என்பது அறிவுரையா, கதவடைப்பா?

இரண்டாம் தரப்பு: "அட, ஏதாவது ஒரு குமிழைப் போட்டு ஓட்டலாம். நம் தோட்டத்து ஆள்கள் எதைத்தான் சரிசெய்யவில்லை?" இந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் தோட்டத்து ஆள்கள் குருட்டுத்தனமாக எதையும் செய்தவர்கள் அல்லர். பால்மரம் வெட்டுவோர், பட்டையை மெல்லிய அளவில் சீவுவார்கள். கத்தி கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் அடுத்து வளரும் பட்டை முடிச்சுமுடிச்சாகக் கெட்டுவிடும். அந்த அளவைக் கையிலே வைத்திருந்தவர்கள் நம் தாய்மார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி அளவறியாத வேலையைச் செய்வது அவர்களுக்குப் பெருமை ஆகாது.

என் கருத்து

ஒரே வேக டிரிம்மருக்கு வேகக் கட்டுப்பாடு சேர்க்கலாம். ஆனால் கீழ்க்காணும் நிபந்தனைகளோடு மட்டும்.

1. கட்டுப்பாடு கருவிக்கு வெளியே, தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். டிரிம்மரின் உடலைத் துளைத்து உள்ளே எதையும் நுழைக்கக் கூடாது. அதன் மேல் சதுரத்துக்குள் சதுரம் அச்சிடப்பட்டிருந்தால், அது இரட்டைக் காப்பு உடையது என்று பொருள். துளைத்தால் அந்தக் காப்பு கெடும்.

2. கரித்தூரிகை உள்ள, உள்ளே மின்னணுப் பகுதி எதுவும் இல்லாத கருவிக்கு மட்டுமே இது பொருந்தும். மெல்லத் தொடங்கும் வசதி உள்ளவை, வேகம் மாற்றும் வசதி முன்பே உள்ளவை, மின்கலத்தில் ஓடுபவை ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

3. 530 வாட்டுக் கருவி, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 2.3 ஆம்பியர் இழுக்கும். தொடங்கும் நொடியில் அதைவிட மிகுதி. கட்டுப்பாட்டுப் பெட்டி அதைப் போல் பல மடங்கு தாங்க வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எண் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சூடு தணிக்கும் உலோகத் தகடு உண்டா, மூடி முழுமையாக உள்ளதா, சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மின்வேலை அறியாதவர் தாமே கட்டக் கூடாது. மாணவர் அறவே கூடாது.

4. மூன்று முனைச் செருகியில் வழக்கமாக இருக்கும் 13 ஆம்பியர் உருகி இதற்கு மிகப் பெரியது. 5 ஆம்பியர் போதும். என் மாணவரின் குமிழ் புகைந்தபோது, 13 ஆம்பியர் உருகி எதுவும் நடக்காததுபோல் சும்மா இருந்தது.

5. மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டக் கூடாது. மின்னோடியைக் குளிரவைக்கும் சிறு விசிறி அதே தண்டில்தான் சுழல்கிறது. தண்டு மெதுவானால் காற்றும் குறையும், சூடு ஏறும்.

ஆறாவது நிபந்தனையே மிக முக்கியமானது. அதைத் தனியாகச் சொல்கிறேன். பெரிய பிட்டைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்காக இந்தக் குமிழை நம்பக் கூடாது. 6 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு 30,000 சுற்றில் மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 25 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்போ மணிக்கு 141 கிலோமீட்டர்! நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வரம்பே 110தான். அந்த அளவுள்ள பிட்டுகளுக்கு 24,000 சுற்றுக்கு மேல் போகாதே என்பது பொதுவான அறிவுரை. குமிழைத் திருப்பி 18,000க்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று நாம் நினைத்திருப்போம். ஆனால் டிரையாக் பழுதானால் பெரும்பாலும் திறந்த கதவாகவே பழுதாகும். அதாவது கருவி நின்றுவிடாது. முழு வேகத்துக்குத் தாவும். கையில் பிடித்திருக்கும்போது அப்படி நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே முழு வேகத்திலும் பாதுகாப்பாக ஓடக்கூடிய சிறிய பிட்டுக்கு, கருகலைத் தவிர்க்க மட்டுமே இந்தக் கட்டுப்பாடு.

முதலில் கையைத் திருத்துவோம்

குமிழுக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. மழுங்கிய பிட்டை மாற்ற வேண்டும். ஒட்டிய பிசினைத் துடைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் ஆழத்தை ஒரே மூச்சில் வெட்டாமல் இரண்டு மில்லிமீட்டராக மூன்று முறை இறங்க வேண்டும். திருப்பத்தில் நிற்காமல் நகர வேண்டும். கடைசியில் அரை மில்லிமீட்டர் மட்டும் விட்டுவைத்து ஒரே ஓட்டமாகச் சீவினால் பழைய கருகலும் போய்விடும். 6 மில்லிமீட்டர்த் தண்டுள்ள பிட்டைக் கால் அங்குலப் பிடியில் மாட்டக் கூடாது. கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், பிட் நழுவும். பிட்டை மாற்றும்போது செருகியைக் கழற்றியே ஆக வேண்டும். கண்ணாடியும் மூக்குக் கவசமும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

என் மாணவர் இவற்றை எல்லாம் செய்தார். நேர்கோட்டு எழுத்துகள் வெளுத்து வந்தன. 'இ'யின் சுழி மட்டும் இன்னும் பழுப்பாகவே இருந்தது. அதன் பிறகுதான், மின்னியல் பயின்ற ஒருவரின் துணையோடு தக்க கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கினார். கழிவுப் பலகையில் 'இ' எழுத்தைக் குமிழின் ஐந்து நிலைகளில் ஐந்து முறை குடைந்து பார்த்தார். மிகக் குறைந்த நிலையில் கருவி உறுமியது. ஓரம் பிசிறு பிசிறாக வந்தது. உச்சத்தில் பழைய கருகல். நடுவே ஓரிடத்தில் சுழி வெளிர்மஞ்சளாகவே நின்றது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொண்டார்.

12 பலகைகளும் பாலர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. கருகிப்போன முதல் 'இ'யை நான் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது அது என் வகுப்பில், கரும்பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நிறைவாக

அந்தப் பழைய பாடத்தை நான் இப்போது வேறு விதமாக நடத்துகிறேன். பழுதான விசிறியின் மின்னோடி ஒன்றையும், கம்பியை வெட்டி எறிந்த பழைய பிளெண்டரின் மின்னோடி ஒன்றையும் மேசையில் வைக்கிறேன். "இரண்டும் சுழலும். எதில் கரித்தூரிகை இருக்கிறது, தேடிப் பாருங்கள்" என்கிறேன். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து விடுகிறார்கள். அன்றும் இந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழித்திருக்கலாம்.

கருவிப் பெட்டியில் வரும் கையேட்டில் மலாயும் ஆங்கிலமும் சீனமும் இருக்கக் காண்கிறோம்; தமிழ் இருப்பதில்லை. அதற்காக நாம் அழ வேண்டியதில்லை, எழுத வேண்டும். தமிழில் கவிதையைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறோம். தமிழ் படித்த பிள்ளை, தன் கையில் உள்ள கருவி ஏன் சுடுகிறது என்று தமிழிலேயே படித்தறிய எத்தனை பக்கங்கள் உள்ளன? தொழிற்கல்வி பெற்ற அன்பர்கள், அவரவர் அறிந்த வேலையைப் பற்றி ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதினாலும் போதும்.

மரம் கருகியது யார் குற்றம் என்று தலைப்பில் கேட்டேன். கருவியின் குற்றம் கொஞ்சம். மாணவரின் அவசரம் கொஞ்சம். மிச்சம் என்னுடையது.